நம்ம புள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்?

(மாலைப் பள்ளிப் பொறுப்பாளர்களிடையே மதுரையில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேரியில் நடத்துகிற மாலைப் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கணும், மூணு வயசிலிருந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு எதை வாங்குறதுன்னு கேட்டீங்க. பொம்மைப் புத்தகத்தில் என்ன அரசியல் என்று சிலர் நினைக்கலாம். எழுத்துத் தெரியாத குழந்தை படத்தைத்தான் வாசிக்கிறது. இந்த உலகம் யாருடையது என்கிற முதல் பாடத்தை அது படத்திலிருந்தே படித்துக்கொள்கிறது.

கடையில் நின்று பத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. மாடி வீடு, பூந்தோட்டம், நாற்காலியில் பேப்பர் படிக்கும் அப்பா, செவத்த அம்மா. நம்ம நிறத்தில் ஒரு ஆள் வந்தால் அது வேலைக்காரி, இல்லைன்னா திருடன், இல்லைன்னா அரக்கன். சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியைக் கற்பித்துவிடுகிறது அந்தப் படம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நான்சி லாரிக் என்கிற கல்வியாளர் 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். எழுத்திலோ படத்திலோ கருப்பர் ஒருவராவது இருந்த புத்தகங்கள் 349. நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை. அந்த 1962-ல்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் பனி பெய்த ஒரு நாளைப் படப் புத்தகமாக்கினார். பீட்டர் என்கிற கருப்பினச் சிறுவன் சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு பனியில் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. அவனை யாரும் அடிக்கவில்லை. அவன் யாருக்கும் எதையும் நிரூபிக்கவும் இல்லை. 1963-ல் அதற்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

இங்கேதான் நமக்குள்ளே ஒரு சண்டை போடவேண்டியிருக்கு. விடுதலை பேசுகிற நாம் குழந்தைக்குப் புத்தகம் தேடினால் நேரே வன்கொடுமைக்குப் போய்விடுகிறோம். 1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டதை நம்ம புள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகணும். ஆனால் நாலு வயசுப் புள்ளை புத்தகத்தில் முதன்முதலாகத் தன்னைப் பார்க்கும்போது அடிபட்டுக் கிடக்கிற ஆளாகவா பார்க்கணும்? முதலில் அவள் தட்டான் பிடிக்கட்டும். கண்மாயில் குதிக்கட்டும். அம்மாச்சியிடம் கோவிச்சுக்கிட்டுச் சோறு திங்காமல் இருக்கட்டும். சந்தோஷமும் உரிமைதான் தோழர்களே.

ஆறு, ஏழு வயசானதும் அம்பேத்கரிடம் கூட்டிப்போங்க. சௌம்யா ராஜேந்திரன் எழுதி, சாத்விக் கடே படம் வரைந்து, சென்னைத் துலிகா பதிப்பகம் 2015-ல் கொண்டுவந்த புத்தகம் இருக்கு. அதில் பீமாராவ் அவமானப்பட்டு ஒடுங்கிவிடுவதில்லை. 'ஏன்' என்று கேட்கிறான். அழுகிற குழந்தையைக் காட்டுவதற்கும் கேட்கிற குழந்தையைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க.

வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க. நம்ம ஆள் படத்தில் இருக்காரா, இருந்தால் என்ன செய்கிறார்? வீட்டில் பேசுகிற பேச்சு அதில் இருக்கா? கடைசிப் பக்கத்தில் யாரைத் திருத்துறாங்க? 'அழுக்குப் பையன் சுத்தமானான்' என்று முடிகிற நீதிக்கதை எங்கே வந்து குத்தும் என்பது நமக்குத் தெரியும். அதை வைத்துவிட்டு வாங்க.

காசு இல்லைன்னு சொல்வீங்க. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளும் இலவசமாக இருக்கு. அச்செடுக்கலாம். வார்த்தைகளை மாற்றி நம்ம பேச்சில் எழுதிக்கொள்ளவும் அனுமதி உண்டு.

வங்கிக் கவுண்டரில் செலானை நீட்டி, "தம்பி, எழுதிக் குடுப்பா" என்று கேட்கிற அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். அவங்க கையில் எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைக் குடுங்க. படத்தைப் பார்த்து அவங்க சொல்கிற கதைதான் அன்றைக்குப் பாடம். தன் அம்மாவுக்கும் புத்தகம் பேசும் என்பதைப் புள்ளை பார்க்கட்டும்.

வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்க, எதிரில் உட்காராதீங்க. முடிந்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீங்க. அதே புத்தகத்தைத் திரும்பக் கேட்டால் திரும்ப வாசிங்க.

கையிலிருக்கிற பணத்தில் பாதிக்குப் புத்தகம் வாங்குங்க. மீதிக்கு வெள்ளைத்தாளும் வண்ணக்குச்சியும் வாங்கி, தங்கள் தெருவை வரையச் சொல்லுங்க. நாலு தாளை மடித்து நூலால் தைத்தால் அதுவும் புத்தகம்தான். அச்சகத்தான் நமக்குப் படம் போடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.