வாக்கற்றவனுக்கா வாத்தியார் வேலை?
(பங்கு இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஆசிரியராகப் போகலாமா?" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். பெரியவர்கள் யாரும் இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. கேட்டவர்கள் இளைஞர்கள். ஆகவே அவர்களுக்கென்று பேசுகிறேன். பெற்றோர்கள் பொறுமையோடு கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் உங்களிடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

"வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேறு எதற்கும் ஆகாதவன் ஒதுங்கும் இடம் பள்ளிக்கூடம் என்பது அதன் பொருள். இந்தப் பழமொழி சாகுபுரத்தைப் போன்ற ஓர் ஊரில் இன்னும் கூர்மையாகக் குத்தும். 1950-களின் கடைசியில் இங்கே ஆலை எழுந்த நாள்முதல், "கம்பெனி வேலை" என்ற இரண்டு சொற்களுக்கு ஆறுமுகநேரியிலும் காயல்பட்டினத்திலும் தனி மதிப்பு உண்டு. உப்பளத்து வெயிலில் நின்ற குடும்பத்தில் ஒருவன் மாதச் சம்பளம் வாங்கினால், அந்த வீட்டுக்குக் கூரை மாறும். தங்கை கலியாணம் நடக்கும். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவன், "எனக்கு மனம் ஒட்டவில்லை, பி.எட். படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது! தாயார் முகத்தில் விழிக்க முடியாது. அந்தத் தாயாரை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மனம் ஒட்டாத வேலை என்று ஒன்று உண்டு என்பதும் உண்மை. சம்பளத்தில் குறை இல்லை, மேலதிகாரியிடம் குறை இல்லை. ஆயினும் ஷிப்டு முடிந்து திரும்பும்போது, இன்று நாம் செய்ததை யார் செய்திருந்தாலும் ஒன்றுதானே என்ற எண்ணம் நாள்தோறும் வருமானால், அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது.

டாக்டர் மு. வரதராசனார் அவர்களை உங்களுக்குத் தெரியும். "அகல் விளக்கு" எழுதியவர். அதற்காக 1961-ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். 1971 முதல் 1974-ல் மறையும் வரை மதுரைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். அவர் எங்கே தொடங்கினார்? திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் ஓர் எழுத்தராக! 1928-ல் பள்ளி இறுதி வகுப்புத் தேறியபின் கிடைத்த உத்தியோகம் அது. அந்தக் காலத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்றால் இன்றைய கம்பெனி வேலைக்குக் குறைந்ததல்ல. உடல்நிலை கெட்டது, வேலையை விட்டார், ஓய்வுக்காகக் கிராமத்துக்குப் போனார். வேறொருவராக இருந்தால், உடம்பு தேறியதும் மறுபடி அதே ஆபீஸ் படியை மிதித்திருப்பார். இவரோ முருகைய முதலியார் என்ற பெரியவரிடம் தமிழ் கற்றார். கல்லூரிக்குப் போகாமலே வித்துவான் தேர்வுக்குப் படித்தார். 1935-ல் அத்தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராக வந்து, திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய்ப் பரிசையும் பெற்றார். அதே ஆண்டு, தாம் குமாஸ்தாவாக இருந்த அதே திருப்பத்தூரில் முனிசிபல் உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியரானார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிக்குத் தாவிவிடுவார்கள். குமாஸ்தா, பிறகு துணைவேந்தர், கைதட்டல்! நான் உங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்வது 1928-க்கும் 1935-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை. சம்பளம் இல்லை, பட்டம் இல்லை, உடல்நலமும் இல்லை. எதிரில் புத்தகம் மட்டும் இருந்தது. ஆசிரியர் வேலை கிடைத்த பின்பும் அவர் படிப்பை நிறுத்தவில்லை. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பி.ஓ.எல். பட்டம் பெற்று, 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நமக்கு இன்னும் அருகிலும் ஒருவர் உண்டு. தனிநாயகம் அடிகளார் பிறந்தது இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில், 1913-ல். உரோமையில் மறைநூற்கல்வி கற்று, குருவாகி, நம் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். ஆனால் தமிழ் மட்டும் தமக்குப் போதாது என்று அங்கேதான் உணர்ந்தார். உணர்ந்ததோடு நில்லாமல், ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945-ல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்! அங்கியணிந்த குருவானவர், தம்மைவிடப் பத்து வயது இளைய பிள்ளைகளோடு பெஞ்சில் அமர்ந்து படித்ததை எண்ணிப் பாருங்கள். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட பெருமகன் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்தான்.

ஆக, வேலையை விடத் துணிவு இருக்கிறதா என்று நான் உங்களைக் கேட்கமாட்டேன். துணிவு ஒரு நாள் கோபத்தில்கூட வந்துவிடும். மறுபடி மாணவனாக உட்கார மனம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பழைய வேலை பிடிக்கவில்லை என்பது ஒன்று, பிள்ளைகளைப் பிடிக்கிறது என்பது வேறொன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்காமல் போய்விடும். அதற்குள் நாற்பது பிள்ளைகள் பாழ்.

இனிக் கணக்குக்கு வருவோம். பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகள். அதில் மொத்தம் 20 வாரம் பள்ளிகளில் பயிற்சி. முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வேலை பார்த்துக்கொண்டே ஒப்பேற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பட்டம் உள்ளவர்களுக்கே பி.எட்.; பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்கு இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் இருக்கிறது. பி.இ. படித்தோருக்கும் பி.எட். கதவு திறந்திருக்கிறது, எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் என்று முன்கூட்டியே கேட்டறிந்து சேருங்கள். பாளையங்கோட்டையில் புனித சேவியர் கல்வியியல் கல்லூரியும், பெண்களுக்குத் தூத்துக்குடியில் அன்னம்மாள் கல்வியியல் கல்லூரியும் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க "டெட்" என்னும் தகுதித் தேர்வும் உண்டு: 150 வினா, 150 மதிப்பெண். தமிழ்நாட்டில் இது முதன்முதல் 2012-ல் நடந்தது. நெடுங்காலம் பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. நரைத்த தலை வாத்தியார்களும் புத்தகத்தைத் தேடுகிறார்கள்! இத்தனையும் முடித்தால் அரசு வேலை உடனே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தனியார் பள்ளியில் தொடக்கச் சம்பளம் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுங்கள். நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு நிறையும் முன் விலகினால் பணிக்கொடை கிடையாது என்பதையும் மறவாதீர்கள். நாலரை ஆண்டு ஆனவர்கள் இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வது நல்லது.

இனிப் பெற்றோருக்கும் பங்குப் பேரவைக்கும் சொன்ன விண்ணப்பம். ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த புனித லசால் அருளப்பரின் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். தூத்துக்குடி லசால் பள்ளியில் படித்தவர்கள் பெயரை அறிவார்கள். பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் நகரில் 1651-ல் செல்வக் குடியில் பிறந்தவர். 16 வயது நிறையும் முன்பே பேராலயத்தில் மானியத்தோடு கூடிய கேனன் பதவி. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க வந்த ஒருவருக்கு 1679-ல் உதவப் போய், அந்த ஆசிரியர்களின் பராமரிப்பே தம் தலையில் விழக் கண்டார். அக்காலத்து ஆசிரியர்கள் பெரும்பாலும் படிப்பு அரைகுறை, பழக்கமும் கரடுமுரடு. தம் வேலையாளுக்கும் கீழாகவே அவர்களை எண்ணியிருந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அப்படிப்பட்டவர்களை 1681-ல் தம் வீட்டிலேயே குடிவைத்தார். உறவினர்கள் கொதித்தார்கள்.

அந்த ஆசிரியர்கள் எதிர்காலத்தைப் பற்றி அஞ்சினார்கள். நாளை பள்ளி மூடினால் எங்கள் கதி என்ன? கடவுளின் பராமரிப்பை நம்புங்கள் என்று லசால் அறிவுரை சொன்னார். அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: உமக்குச் சொத்து இருக்கிறது, மானியம் இருக்கிறது, நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது உமக்கு எளிது, எங்களுக்கு என்ன இருக்கிறது? லசால் வாயடைத்துப் போனார். 1683-ல் கேனன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ரொட்டியாக்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகே அவர் சொல் அந்த ஆசிரியர்களிடம் எடுபட்டது.

அந்தக் கேள்வி இன்று இந்த மேடையில் நிற்கும் என்னையும் கேட்கிறது, உங்களையும் கேட்கிறது. நல்லாசிரியர்கள் வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். நம் பிள்ளை ஒருவன் அதற்காக இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழக்கத் துணிந்தால், அவன் வீட்டுச் சுமையில் நாம் எதைத் தூக்குவோம்? யாரையும் சொத்தை விற்கச் சொல்லவில்லை. அண்ணன்மார் அந்த இரண்டு ஆண்டு வீட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கலியாணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடச் சம்மதிக்கலாம். பெண்பிள்ளையானால், "உனக்கு எதற்கு இந்த வயதில் படிப்பு?" என்ற ஒரு வாக்கியத்தை மாமியார் வீட்டார் சொல்லாமல் இருக்கலாம்; அதுவே பெரிய உதவி. பங்கில் வட்டியில்லாக் கைமாற்றாகக் கல்லூரிக் கட்டணம் கொடுத்து, வேலை கிடைத்தபின் திருப்பி வாங்கலாம்.

இளைஞர்களே, ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பங்கு மண்டபத்தில் மாலை வகுப்பு ஒன்று தொடங்குங்கள். ஷிப்டு முறை வைத்து ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள். பத்துப் பிள்ளைகள் போதும். அதில் ஒரு பிள்ளையாவது, எத்தனை முறை சொன்னாலும் பின்னம் ஏறாத பிள்ளையாக இருக்கட்டும். மூன்று மாதம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். உட்காரும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, வேறொரு வழியில் சொல்லிப் பார்ப்போமே என்ற யோசனை வருகிறதா என்று கவனியுங்கள். என்னிடம் வந்து கேட்பதைவிட அது உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும். மூன்று மாதம் கழித்து யாரும் வேலையை விடவில்லை என்றாலும், பத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் தெரிந்திருக்கும்.

மண்டபத்தின் சாவி பங்குத் தந்தை அவர்களிடம் இருக்கிறது. கரும்பலகை ஒன்று என் செலவில் வாங்கித் தருகிறேன். சாக்பீஸ் உங்கள் பொறுப்பு.