கை நோவும் கை விறைப்பும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது ஒன்பதாம் வகுப்பில், பேச்சுப் போட்டிக்கு. பாதியில் மறந்துபோய் இறங்கிவிட்டேன். அதனால் இம்முறை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "பிறஷர், சீனி வருத்தம் எல்லாம் போன வருடங்களில் பேசியாயிற்று. நீர் வேறு ஏதாவது பேசும்" என்றார். கை நோவைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "எனக்கும் இரவில் வலக்கை விறைக்கிறது" என்றார். தலைப்பு அப்படித்தான் முடிவானது.

கை வருத்தத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நோ, உளைவு, குத்து, எரிவு, விறைப்பு, பிடிப்பு. விரல் "கொளுவுது" என்கிறோம். இவை எல்லாம் ஒன்றல்ல. உளைவு பெரும்பாலும் தசையிலும் மூட்டிலும் இருந்து வருவது. விறைப்பும் எரிவும் நரம்பின் பேச்சு. கொளுவுவது தசைநாண். நோயாளி சரியான சொல்லைச் சொல்லிவிட்டால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நான் மருத்துவம் படித்தது ஆங்கிலத்தில். அதனால் ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

2006 கடைசியில் இங்கே சிக்குன்குன்யா பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, மருந்துக்கும் மாவுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். அதன் நடுவே இந்தக் காய்ச்சல். வீட்டுக்கு வீடு ஆட்கள் குனிந்தபடி நடந்தார்கள். 'வளைந்து போவது' என்ற கருத்துடைய ஆபிரிக்கச் சொல்லில் இருந்துதான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. காய்ச்சல் சில நாளில் போய்விடும்; மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும். அப்போது நான் புதிதாக வெளிவந்த வைத்தியர். கை நோகிறது என்று யார் வந்தாலும் அது சிக்குன்குன்யாதான் என்ற நினைப்பில் இருந்தோம்.

அந்த நாட்களில் எங்கள் தையல் ரீச்சர் வரிசையில் நின்று என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். "கை நோகுதா ரீச்சர்?" என்று கேட்டேன். "நோவில்லைப் பிள்ளை, விறைக்குது. இரவிலே எழும்பி உதறினால்தான் சரிவருது" என்றார். நோய் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை. "காய்ச்சலின் மிச்சம் ரீச்சர், ஆறு மாதத்தில் போய்விடும்" என்று சொல்லிப் பனடோல் எழுதிக் கொடுத்தேன்.

ரீச்சருக்கு இருந்தது காப்பல் ரனல் என்ற நோய். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு ஒடுங்கிய பாதை இருக்கிறது. கீழேயும் பக்கங்களிலும் எட்டுச் சிறு என்புகள், மேலே ஒரு தடித்த நார்ப்பட்டி. அதற்குள்ளால் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. தசைநாண்களின் உறை வீங்கினால் இடம் போதாது, நெரிபடுவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி, இவ்வளவும் விறைக்கும். சின்னவிரல் விறைக்காது. இது நல்ல அடையாளம்: சின்னவிரலும் சேர்ந்து விறைத்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். நித்திரையில் மணிக்கட்டு மடிந்து கிடப்பதால் இரவில்தான் கூடும். உதறினால் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்ப காலம், தைரொயிட் குறைவு, நீரிழிவு, மூட்டுவாதம், உடற்பருமன் எல்லாம் அதைக் கூட்டும். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் போய்விடும்.

இப்போது எல்லோரும் கைகளை உயர்த்துங்கள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் பிடியுங்கள். பேசாமல். அந்தக் காலத்திலும் இப்படித்தான் பின்வரிசையில் சிரிப்பீர்கள். விரல் விறைத்தவர்கள் பயப்பட வேண்டாம், இது மட்டும் நோயை உறுதிப்படுத்தாது. ஆனால் இரவிலும் விறைக்கிறது என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆரம்பத்தில் வந்தால் சிகிச்சை மிக எளிது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும், ஆறு வாரமாவது. கையை மேலே வளைத்துப் பிடிக்கும் பட்டி வேண்டாம். உள்ளே இருக்கும் தகட்டை நேராக்கிக் கொள்ளுங்கள். போதாவிட்டால் ஒரு ஸ்ரீரொயிட் ஊசி. அதுவும் போதாவிட்டால், அல்லது பெருவிரல் பலம் குறைந்தால், கையை மட்டும் மரக்கச்செய்து அந்த நார்ப்பட்டியை வெட்டி விடும் சிறிய சத்திரசிகிச்சை. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ரீச்சர் ஏழு வருடம் கழித்துத்தான் மீண்டும் வந்தார். "நீர் சொன்னீர் தானே, போய்விடும் என்று. வயசாலதான் போகவில்லையாக்கும் என்று இருந்திட்டன்" என்றார். உள்ளங்கையில் பெருவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றித் தட்டையாகக் கிடந்தது. சட்டைக் கொளுக்கி பூட்ட முடியவில்லை. ஊசியை விரலுக்கிடையில் வைத்தால் அது இருப்பதே தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் காஜாத் தையல் பழக்கிய கை அது. சத்திரசிகிச்சை செய்தோம். அந்த வாரமே இரவில் நித்திரை வந்தது. வற்றிய சதை திரும்பி வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "அதுக்கென்ன பிள்ளை, அந்த நேரம் உமக்கும் நித்திரை இல்லைத்தானே" என்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முழங்கையின் வெளிப்பக்க நோவுக்கு ஆங்கிலத்தில் ரெனிஸ் விளையாட்டின் பெயர். எங்கள் ஊரில் அதைத் தருவது தேங்காய் திருவுவதும், இடியப்ப உரலைப் பிழிவதும், துணி முறுக்குவதும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலையில் பொதி கட்டுவதும் கணினி எலியும். பிடித்துத் தூக்கும் வேலையைக் குறைத்து, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கப் பழகி, மெதுவாகப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் மாறும். ஆனால் மாதங்கள் எடுக்கும். ஊசி முதலில் சுகம் தரும், பின்னர் நோ திரும்பி வருவதுண்டு. நான் அவசரப்பட்டு ஊசி போடுவதில்லை.

பிள்ளை பெற்ற தங்கைமாருக்குப் பெருவிரல் பக்க மணிக்கட்டில் நோ வரும். எனக்கும் வந்தது. பெருவிரலை விரித்துக் கமக்கட்டுக்குள் கொடுத்துப் பிள்ளையைத் தூக்குவதுதான் காரணம். உள்ளங்கையைக் கீழே கொடுத்து அள்ளித் தூக்குங்கள். அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள், அவரும் அப்படித்தான் தூக்குகிறார்.

நீரிழிவு உள்ளவர்கள் கொஞ்சம் கூடக் கவனிக்க வேண்டும். கும்பிடும்போது இரண்டு உள்ளங்கைகளும் முழுதாக ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் விரல் மூட்டுகள் இறுகத் தொடங்கிவிட்டன. விரல் கொளுவுவதும், தோள் இறுகித் தலைமயிர் பின்ன முடியாமல் போவதும் இவர்களுக்கே அதிகம். ஸ்ரீரொயிட் ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும். வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விறைத்த கையில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கவே வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் எழும்பும்போது இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, அரை மணி, ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்தால் மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்கு எண்ணெயோடு நாள் கடத்தாதீர்கள். மூட்டு சிதையும் முன்னர் மருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தரும் மெதொற்றெக்சேற் குளிசை கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுவது. தினமும் போட்டால் உயிராபத்து. வெளிநாட்டில் இருந்து அம்மாமாருக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் இதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

எண்ணெய் பூசித் தடவுவதை நான் தடுப்பதில்லை, சுகமாகத்தான் இருக்கும். விழுந்து நொந்த கையை எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்து நெட்டி முறிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நோவே இல்லாமல் கை மரத்து, தோலில் வெளிறிய படையும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அது இன்னும் இந்த நாட்டில் இருக்கிறது, மருந்தால் முற்றாக மாறும், வெட்கப்பட ஒன்றுமில்லை. இடக்கை உளைவோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் என்னைத் தேட வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

செயலாளர் அக்கா கடிகாரத்தைக் காட்டுகிறார். தேநீருக்குப் பிறகு பழைய ஏழாம் வகுப்பு அறையில் இருப்பேன். மணிக்கட்டுப் பட்டிகள் சில கொண்டுவந்திருக்கிறேன், எப்படிக் கட்டுவது என்று காட்டுகிறேன். மருந்துத் துண்டு வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். "நோகுது" என்று மட்டும் சொல்லாமல், எந்த விரல், எந்த நேரம், நோவா விறைப்பா என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.