ஜவான்களுக்கு ஒரு மஃப்ளர்

குரோஷா ஊசியும் கையுமாக ஒரு கிழவன் என்று சிரிக்க வேண்டாம். ரிடையரான பிறகு என் மனைவியிடம் கற்றுக்கொண்டேன்.

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தபோது எனக்கு 12 வயது. நம் ஜவான்கள் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவுமாகப் பனிமலையில் நின்றார்கள். டெல்லியில் எங்கள் காலனிப் பெண்கள் எல்லோரும் கம்பளி பின்ன உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் வராது, மஃப்ளர்தான். "ஒரு பிள்ளை கழுத்துக்காவது ஆகுமே" என்பாள்.

போன வருஷம் நாங்கள் அனுப்பிய 20 மஃப்ளர்களும் திரும்பி வந்தன. தப்பு எங்கள் பேரில்தான். சிவப்பும் மஞ்சளுமாக, அதுவும் அக்ரிலிக் நூலில் போட்டிருந்தோம். பளிச்சென்ற நிறம் பனியில் தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி லேசில் பற்றாது. ஈரமானாலும் ஓரளவு கதகதப்புத் தரும். கெமிஸ்ட்ரி படித்த எனக்கே இது தோன்றவில்லை, பாருங்கள்!

குளிரைத் தடுப்பது நூலைவிட அதில் சிறைப்பட்ட காற்றுதான். ஆகவே ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைன் வேண்டாம்; நெருக்கமாகப் போடுங்கள். குஞ்சமும் வேண்டாம். நிறம், அளவு எல்லாம் இந்தத் தடவை முதலிலேயே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் செக்ரட்டரியிடம் இருக்கிறது. கம்பளி உருண்டைகள் அந்த மேஜைமேல். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.