வட்டம் போட்டால் போதுமா?

(‘விதிகள் மனிதனைக் காக்கின்றனவா? கட்டிப்போடுகின்றனவா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கட்டிப்போடுகின்றன’ என்ற அணியில் பேசியது)

விதிப் புத்தகத்தையே தலையணையாக வைத்துத் தூங்குகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “விதி இல்லேன்னா வீடும் இல்லை, நாடும் இல்லை” என்றார். அம்மா, விதியே வேண்டாம்னு நாங்க எங்கே சொன்னோம்? அளவு தெரியாத விதி நல்லவனைக் கட்டிப்போடும், கெட்டவனைத் தொடாது. அதுதான் எங்கள் கட்சி. இதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் தூரம் போகணும், அமெரிக்காவுக்கு. டிக்கெட் செலவு கிடையாது, வாங்க! (சிரிப்பு)

2001 செப்டம்பர் 11. விமானங்களையே ஆயுதமாக்கி அந்த நாட்டைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு, பெருங்கூட்டம் கூடுகிற விளையாட்டு மைதானங்களுக்கு மேலே வானத்தில் ஒரு வட்டம் போட்டார்கள். 30,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் பெரிய பேஸ்பால் ஆட்டமோ, அமெரிக்க ஃபுட்பாலோ, பெரிய கார்ப் பந்தயமோ நடந்தால், சுற்றிலும் 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். உயரத்தில் 3,000 அடி. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை, அனுமதி இல்லாத விமானம் உள்ளே வரக்கூடாது.

“நல்ல விதிதானே?” என்று எதிரணியினர் தலையாட்டுகிறார்கள். ஆட்டுங்க. பயம் நியாயமானது, மறுக்கவில்லை. 1976 டிசம்பர் 19இல் பால்டிமோர் நகரத்தில் ஒரு சின்ன விமானம் மைதானத்தின் மேல்தட்டு இருக்கைகளிலேயே வந்து மோதியது. ஆட்டம் முடிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. சொந்த ஊர்க் குழு 40–14 என்று படுதோல்வி. ஜனங்க வெறுத்துப்போய் எழுந்து போய்விட்டார்கள். அதனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. தோல்வியும் சில நேரம் தெய்வம்தான் ஐயா! (கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, ஒன்றை யோசியுங்கள். ஊருக்கு மேலே தாழப் பறக்கக் கூடாதென்ற விதி அன்றைக்கும் இருந்தது. மோதுகிறவன் விதியைப் படித்துவிட்டா வருவான்?

படிப்பவன் யார்? பிழைப்புக்காகப் பறக்கிறவன். விளம்பரத் துணியை வாலில் கட்டி இழுத்துக்கொண்டு, மைதானத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து சம்பாதித்த சிறு விமானக்காரர்கள் அங்கே இருந்தார்கள். கூட்டம் இருக்கிற இடத்தில்தானே விளம்பரம்? முதலில் அவர்களைச் சோதித்து விதிவிலக்கு கொடுத்தார்கள். 2003இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, அந்த விதிவிலக்கையும் ரத்து செய்துவிட்டது. ஆனால் டி.வி.க்குப் படம் பிடிக்கிற ஆகாயக் கப்பல் வரலாம். ஆட்டத்துக்கு முன்னால் ராணுவ விமானங்கள் அணிவகுத்து வரலாம். அதே வானம், அதே கூட்டம். சின்னவனுக்கு மட்டும் கதவு சாத்தியாச்சு!

அடுத்து, விமான சாகசக் காட்சி. கிளீவ்லாந்து என்றொரு நகரம். ஏரிக்கரையில் விமான நிலையம். பக்கத்திலேயே ஃபுட்பால் மைதானம். கொஞ்சம் தள்ளி பேஸ்பால் மைதானம். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் அங்கே சாகசக் காட்சி பல்லாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. குடும்பம் குடும்பமாக அண்ணாந்து பார்க்கிற திருவிழா. அதே நாளில் பேஸ்பாலும் இருந்தால்? ஒரு பேஸ்பால் குழு ஆண்டுக்கு 81 ஆட்டம் சொந்த ஊரில் ஆடும். விழா நடத்துகிறவர் ஆட்டக் கால அட்டவணையைப் பார்க்கணும், அனுமதிக்கு எழுதணும்.

இதிலே இன்னொரு வேடிக்கை. பேஸ்பால் ஆட்டம் இத்தனை மணிக்குள் முடியணும் என்ற கெடு கிடையாது. சமன் ஆனால் நீளும். மழை வந்தால் நிற்கும். ‘முடிந்து ஒரு மணி நேரம்’ என்றால், முடிவது எப்போது? பறக்கிறவன் இயந்திரத்தைப் பார்ப்பானா, ஸ்கோரைப் பார்ப்பானா? (சிரிப்பு)

சரி, இவ்வளவு பேரைக் கட்டிப்போட்ட விதி, வரக்கூடாதவனை நிறுத்தியதா? அதே பால்டிமோர், 2024 ஜனவரி 28. பெரிய ஃபுட்பால் ஆட்டம். தடை அமலில் இருக்கும்போதே ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். ஆட்டத்தையே சற்று நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட விதி உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ட்ரோனைத் தடுத்ததா?

கடைசியாக ஒன்று. 2022 ஏப்ரல் 20, தலைநகர் வாஷிங்டன். பேஸ்பால் மைதானத்தில் ராணுவத்தினரைச் சிறப்பிக்கும் மாலை. பாராசூட் வீரர்கள் வானத்திலிருந்து மைதானத்தில் குதிக்க ஏற்பாடு. எல்லாம் முறைப்படி. ஆனால் அந்த விமானத்தைக் கண்ட நாடாளுமன்றக் காவல்துறை அபாயம் என்று நினைத்தது. வளாகத்தையே காலி செய்யச் சொன்னார்கள். ஜனங்க ஓடினார்கள். கடைசியில் பார்த்தால் நம்ம ராணுவ விமானம்! விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தக் காவல்துறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லவில்லை. (அரங்கில் சலசலப்பு)

பார்த்தீர்களா? அங்கே விதிக்குப் பஞ்சமா? நாட்டிலேயே கடுமையான வான்கட்டுப்பாடு உள்ள நகரம் அது. பஞ்சம் எதற்கு? ஒரே ஒரு தொலைபேசி அழைப்புக்கு!

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்று நம் பாட்டிகள் கேட்பார்கள். பூச்சி இல்லை என்றா சொன்னார்கள்? இருக்கிறது. அதைத் தேடிப் பிடி என்றார்கள். தேடுவது கஷ்டம், வட்டம் போடுவது சுலபம். சுலபமானதைச் செய்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறோம் என்று நம்புகிறோமே, அதுதான் ஆபத்து.

பறக்கிறவர் யார் என்று சோதியுங்கள், சோதித்தவரை நம்புங்கள், சொல்ல வேண்டியவருக்கு நேரத்தில் சொல்லுங்கள். கூட்டமும் பிழைக்கும், பிழைக்கப் பறப்பவனும் பிழைப்பான். காப்பது மனிதனின் கவனம். அந்தக் கவனத்தைத் தூங்கவைத்து, கையைக் கட்டிப்போடுவது அளவு மீறிய விதி. அப்படியே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)