மருந்தும் கணக்கும்

மருதமுனையில் தறியின் ஓசையோடு வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, முதலில் அதனை முடிந்துவிட்டே மேலே நெய்வார். ஒரு நூல்தானே என்று விட்டுவிட்டால், அந்தக் குறை சாரனின் நீளம் முழுவதும் ஓடிக் காட்டிக்கொடுக்கும். துணிக்குக் காட்டப்படும் இந்தக் கவனம், உயிர் காக்கும் மருந்துக்கும் காட்டப்படல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மருந்தென்று இங்கே குறிப்பிடுவது பக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளை. இவற்றுட் பெரும்புகழ் பெற்ற ஒன்று பென்சிலின். 1941ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு பொலிஸ்காரருக்கு அது ஏற்றப்பட்டது. முகமெல்லாம் சீழ் வைத்துச் சாகுந் தறுவாயிற் கிடந்த அவர், சில நாட்களில் எழுந்து உணவருந்தினார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பென்சிலினையே மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். அன்று மருந்து இல்லாமையால் ஓர் உயிர் போயிற்று. இன்றோ மருந்து நிறைய இருந்தும், அது பலிக்காமையால் உயிர்கள் போகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என உலகளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

இந்நிலை எதிர்பாராது வந்ததன்று. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இதனை எச்சரித்தார். கொல்லுவதற்குப் போதாத அளவு மருந்து நுண்ணுயிரைத் தீண்டினால், அது சாகாமல், எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்பதே அவர் சொன்னதன் சாரம். தடிமனுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணமாயிருப்பவை வைரசுகள். அவற்றை இம்மருந்து தொடுவதே இல்லை. ஆயினும் உடலில் வாழும் பக்டீரியாக்களை அது தொடுகின்றது. எளியவை மடிகின்றன, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன.

வீட்டில் நிகழும் இத்தவறு வைத்தியசாலையில் நிகழுமாயின் விளைவு பன்மடங்காகும். நோயாளர் நெருக்கமாகக் கிடக்கும் விடுதியில், ஒருவரிடம் வலுப்பெற்ற நுண்ணுயிர், கழுவாத கையொன்றைப் பற்றிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிடும். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதன் தீவிரத்தைக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை முதலாசிரியராகக் கொண்ட அவ்வாய்வு, கார்பபெனம் என்னும் வலிமைமிக்க மருந்துகளையே சிதைக்கும் நொதியத்தைக் கொண்ட பக்டீரியாக்கள் சென்னை உள்ளிட்ட பல இடங்களிற் பரவியிருப்பதை அறிவித்தது. அதன்பின் 2012 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையிற் கூடி, சென்னைப் பிரகடனம் எனப்படும் திட்டத்தை வகுத்தன. வைத்தியர் இல்லாத கிராமங்களும் உண்டு என்பதை அத்திட்டம் மறக்கவில்லை. ஒரே நாளில் முழுத்தடை விதிப்பதை விடுத்து, படிப்படியாகக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்து, வைத்தியசாலைகளில் உயர்தர மருந்துகளின் பயன்பாட்டைக் கண்காணிக்குமாறு அது கூறிற்று.

கண்காணிப்பு என்றால் வைத்தியரை ஐயுறுவதென்று சிலர் எண்ணக்கூடும். அது அவ்வாறன்று. நுண்ணுயிரியல் வல்லுநரும், வைத்தியரும், மருந்தாளரும், தொற்றுத்தடுப்புத் தாதியரும் ஒருங்கிருந்து சில கேள்விகளைக் கேட்பதே அதன் வழி. மருந்து தொடங்குமுன் இரத்தமோ சிறுநீரோ சோதனைக்கு எடுக்கப்பட்டதா? இரண்டு மூன்று நாட்களில் சோதனை முடிவு வந்ததும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ ஆராயப்பட்டதா? நாளத்தில் ஏற்றுவதை விடுத்துக் குளிசையாகக் கொடுக்கலாமா? ஆயிரம் நோயாளர் நாட்களுக்கு எவ்வளவு மருந்து செலவாயிற்று? உலக சுகாதார நிறுவனம் 2017இல் இம்மருந்துகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. அமொக்சிசிலின் போன்றவை எங்கும் கிடைக்கவேண்டியவை. மெரோபெனம் போன்றவை கண்காணிப்புக்குரியவை. கொலிஸ்டின் போன்றவை வேறு வழியில்லாத வேளைக்கெனச் சேமிக்கவேண்டியவை. நெல்லில் விதைநெல்லைத் தனியே வைப்பதைப் போன்றதே இப்பகுப்பு.

இதன் நோக்கம் மருந்தைக் குறைவாகக் கொடுப்பதன்று, பொருத்தமாகக் கொடுப்பதே. இரத்தத்தில் தொற்றேறி அதிர்ச்சி நிலைக்குச் சென்றவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறவேண்டும், அங்கே தாமதமே குற்றம். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறும் தாய்க்கு, கத்தி படுமுன் கொடுக்கும் ஒரு வேளை மருந்தே பெரும்பாலும் போதும். காயம் ஆறும்வரை நாட்கணக்கில் அதனைத் தொடர்வதால் அவருக்கு நன்மை கூடுவதில்லை, விடுதியின் நுண்ணுயிர்கள் மட்டுமே பாடம் கற்கின்றன. அடுத்த மாதம் வரப்போகும் இன்னொரு தாய்க்கு அந்த ஒரு வேளை மருந்து பலிக்காமற் போகுமானால், அந்த இழப்புக்கு யார் ஈடு செய்வது?

எனவே இக்கணக்கில் மருதமுனை மக்களுக்கும் கல்முனை மக்களுக்கும் பங்குண்டு. இலங்கையில் நுண்ணுயிர்க்கொல்லி, வைத்தியரின் மருந்துச்சீட்டின் மேல் வழங்கப்படவேண்டிய பொருள். சீட்டின்றி மருந்துக் கடையில் கேளாதிருப்பதும், முன்னர் மிஞ்சிய குளிசையைப் பிள்ளைக்குக் கொடாதிருப்பதும், எழுதித் தந்தபடி உரிய நாள்வரை உட்கொள்வதும் அவர்தம் கடமை. “இது பக்டீரியாவால் வந்த நோய்தானா, டொக்டர்?” என்று பணிவோடு கேட்பதில் தவறேதுமில்லை. ஊசி போடாத வைத்தியர் கைதேர்ந்தவர் அல்லர் என்ற எண்ணமும் மறையவேண்டும்.

நெய்த சாரனை உடுப்பவர் நெசவாளியை ஒருநாளும் காணமாட்டார். ஆயினும் அவருக்காக நெசவாளி அறுந்த இழையை முடிகின்றார். இன்று வீணாகாமற் காக்கப்படும் ஒரு வேளை மருந்தும், முகமறியாத எவரோ ஒருவரின் உயிருக்காகவே காக்கப்படுகின்றது.