தாத்தாவும் பாட்டியும் எழுந்து நடக்கட்டும்



வயதான மாமியார் துடைப்பத்தை எடுத்தால் மருமகள் வாங்கி வைத்துவிடுகிறாள். தாத்தா கடைக்குக் கிளம்பினால் மகன் தடுக்கிறான். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? பேசாம உட்காருங்க" என்கிறான். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அன்பு பெரியவர்களின் கால்களைக் கெடுக்கிறது.

எப்படி?

வேலை கொடுத்தால் தசை நிற்கும். வேலை இல்லாவிட்டால் கரையும். 2007-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை குறைந்துவிட்டது. பத்தே நாளில்!

போன வலு திரும்புமா? திரும்பும். அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வயது 86 முதல் 96 வரை. வாரம் மூன்று நாள், காலால் எடை தூக்கும் பயிற்சி. ஒருவர் நடுவில் விட்டுவிட்டார். மற்ற 9 பேரின் கால் வலு 8 வாரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். இது 1990-இல் வெளியான செய்தி. பயிற்சியை நிறுத்தியதும் நாலு வாரத்தில் அந்த வலு மறுபடி இறங்கியது. ஆகவே விடாமல் செய்ய வேண்டும்.

கால் முடங்கினால் மனமும் முடங்கும். "யாருக்கும் பயன் இல்லாமல் கிடக்கிறோமே" என்ற எண்ணம் வரும். துக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கொடுமை.

பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்து விவசாயி ஃபௌஜா சிங். பள்ளிக்கூடம் போகாதவர். சின்ன வயதில் 5 வயது வரை நடக்கவே முடியாதவர். 1994-இல் அவர் கண் எதிரிலேயே மகன் விபத்தில் இறந்தார். பெற்ற மனம் என்ன பாடுபடும்! பிறகு அவர் லண்டனில் இன்னொரு மகனோடு இருந்தார். துக்கத்தை மறக்க ஓடத் தொடங்கினார். அப்போது வயது 80-ஐத் தாண்டிவிட்டது. 2000-இல் லண்டனில் 42 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தார். 2011-இல் கனடாவின் டொரான்டோ நகரில் மறுபடியும் அதே தூரம். அவருடைய பாஸ்போர்ட்டின்படி அப்போது வயது 100. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் முடித்தார். 2025-இல் சொந்த ஊரில் சாலை விபத்தில் காலமானார்.

எல்லாரும் இப்படி ஓட வேண்டியதில்லை. நடந்தாலே போதும். மனச்சோர்வு நோய் உள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு மாத்திரை, சிலருக்கு நடை, ஓட்டம் போன்ற பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். மாத்திரை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்தது. இந்த ஆய்வு 1999-இல் வெளியானது. இதைக் கேட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எப்படித் தொடங்குவது? கை வைத்த, ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். அதில் உட்கார்ந்து மெதுவாக எழ வேண்டும். மறுபடி மெதுவாக உட்கார வேண்டும். முதலில் கையை ஊன்றி 5 தடவை. பழகிய பிறகு கையை ஊன்றாமல். தொடைக்கு வலு வந்தால் கழிப்பறையில் எழுந்திருக்கப் பிறர் கை தேவைப்படாது. பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய மானம் எது?

வாரம் 150 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. தினம் அரை மணி, வாரம் 5 நாள். காலையில் 10 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்று பிரித்தும் நடக்கலாம். தனியாகப் போகக் கூச்சப்படும் பாட்டிகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கோயில் வரை நடக்கலாம். பேச்சுத் துணையும் ஆயிற்று.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.