தசரதன் செவியும் தராசு முள்ளும்



ஆரணியை அடுத்த புதுக்காமூரில், கமண்டல நாகநதியின் கரையில், அருள்மிகு பெரியநாயகி உடனுறை புத்திரகாமேட்டீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. மகப்பேறின்றி வருந்திய தசரத மன்னன் இங்கே வேள்வி இயற்றி இறைவனை வழிபட்டான் என்பது தலபுராணச் செய்தி. குழந்தை வரம் வேண்டி இன்றும் அன்பர் பலர் இங்கு வருகின்றனர். தசரதன் பெற்ற வரத்தை நினையாதவர் இல்லை. அவன் செய்த பிழையை நினைப்பவரோ சிலரே.

தசரதன் இளவரசனாக இருந்த காலம் அது. ஒலி வந்த திசை நோக்கிக் குறி தவறாது அம்பு எய்யும் ஆற்றல் பெற்றவன் அவன். மழைக்காலத்து இரவொன்றில், நீர் அருந்த வரும் விலங்குகளை வேட்டையாட எண்ணிச் சரயு நதிக்கரையில் மறைந்திருந்தான். இருளில் ஓர் ஒலி எழுந்தது. யானை நீர் உறிஞ்சும் ஒலி என்று முடிவு செய்தான், அம்பை விடுத்தான். அடுத்த நொடியில் கேட்டதோ மனிதக் குரலின் ஓலம். பார்வையற்ற பெற்றோர்க்கு நீர் முகக்க வந்த இளைஞன் ஒருவன் வீழ்ந்து கிடந்தான். யானையின் ஒலி என மன்னன் கொண்டது, குடத்தில் நீர் நிரம்பிய ஒலியே. (நீர்க்கலத்தின் பெயராகிய கமண்டலத்தைத் தாங்கிய ஆற்றின் கரையிலேயே அவன் வழிபட்ட தலமும் அமைந்தது நினைக்கத்தக்கது.)

அவன் செவியில் பழுதில்லை, வில்லிலும் பழுதில்லை. விலங்கை எதிர்பார்த்திருந்த மனத்துக்கு எந்த ஒலியும் விலங்கின் ஒலியாகவே பட்டது. முன்பு பலமுறை குறி தப்பாமையால், இம்முறை தப்பக்கூடும் என்ற நினைவே அவனுக்கு எழவில்லை.

சைவப் பெரியோர் இதனை நன்கு ஆராய்ந்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் இறையிலக்கணம் கூறப் புகுமுன் அளவையைப் பற்றியே பேசுகின்றார். அறியப்படும் பொருளுக்கு முன் அறியும் கருவி செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது கருத்து. காட்சிக்கு வரும் குற்றங்களுள் இரண்டு, ஐயமும் திரிவும். மாலை மங்கலில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் துணியாது நிற்றல் ஐயம். கிடக்கும் பழுதையைப் பாம்பு என்றே துணிந்துவிடுதல் திரிவு. இரண்டும் குற்றமே எனினும், தசரதனுக்கு அன்று ஐயம் தோன்றியிருந்தால் அந்த இளைஞன் பிழைத்திருப்பான்.

இக்கால உளவியலாரும் இவ்வழியே ஆராய்ந்தனர். டேனியல் கானெமான், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இசுரேலிய அறிஞர் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரை புகழ் பெற்றது. ஆராய்ச்சிக்கு வந்தோர் முன் எண்கள் பொறித்த சக்கரம் ஒன்று சுழற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்பது வினா. சக்கரம் 10இல் நிற்கக் கண்டவர்கள் ஏறக்குறைய 25 என்றனர். 65இல் நிற்கக் கண்டவர்கள் 45 என்றனர். சக்கரத்துக்கும் வினாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் முதலில் கண்ட எண் மனத்தை இழுத்துக்கொண்டது. கானெமானுக்கு 2002இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996இலேயே மறைந்துவிட்டார். பட்டுக்கடைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு இது புதிதன்று. முதலில் 40,000 ரூபாய்ச் சேலையை விரித்துக் காட்டியபின், 22,000 ரூபாய்ச் சேலை மலிவாகத்தானே தோன்றும்?

சேலை விலையில் ஏமாந்தால் பணம் மட்டுமே போகும். பிறர் நேர்மையை அளக்கும்போது நேரும் பிழை அத்தகையதன்று.

ஆரணியில் தறி நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் 10 கிலோ கச்சாப் பட்டைச் சாயக்காரரிடம் கொடுக்கிறார். பட்டிழையின்மேல் புழு சுரந்த பசை உண்டு. சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் அது கரைந்து நீங்கிய பின்னரே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். எடை குறைவது இயல்பே. அக்குறைவு பட்டின் இனத்துக்கேற்ப நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை வேறுபடும். சென்ற ஆண்டெல்லாம் இவருக்கு ஏழே முக்கால் கிலோ திரும்பி வந்தது. இம்முறை ஏழேகால் கிலோதான் வருகிறது. அரைக் கிலோ பட்டு எங்கே? நூல் வாங்கிய இடம் இவ்வாண்டு மாறியது அவர் நினைவுக்கு வருவதில்லை. பட்டு ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. மழைநாளில் நிறுத்த எடையும் கோடையில் நிறுத்த எடையும் ஒன்றாகா என்பதும் தோன்றுவதில்லை. சாயக்காரரின் முகமே தோன்றுகிறது.

இதன்பின் நிகழ்வதுதான் கொடிது. சாயக்காரர் பேசாதிருந்தால், குற்றமுள்ள நெஞ்சு என்கிறார். விளக்கம் கூறினால், முன்னரே புனைந்து வைத்த சொல் என்கிறார். அவர் தம் மகளுக்கு ஒரு தோடு வாங்கினால், அரைக் கிலோ பட்டு எங்கே போயிற்று என்பது இப்போது விளங்கிவிட்டது என்கிறார். இருபது ஆண்டு உழைத்த ஒருவரின் பெயர் ஒரு வாரத்தில் தெருவெல்லாம் கெடுகிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு நேர்ந்ததும் இதுவே. கொலைக்களத்துக்கு வந்த காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்கினர். பொற்கொல்லன் நகைத்தான். மந்திரம், மருந்து, தந்திரம் முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்துரைத்தான். கள்வனைப் போல் தோன்றாமையே கைதேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்றாகிவிட்டது. எச்சான்றும் ஒருவனைக் குற்றவாளியாகவே காட்டுமாயின் அவனுக்கு உய்வேது? அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்து சென்றுகொண்டிருந்த பாண்டியன், அந்த நொடியைச் செலவிடவில்லை. உடைத்துப் பார்த்தது கோவலன் இறந்த பின்னரே.

மனம் எதிர்ப்புறம் சாய்வதும் உண்டு. நெற்றி நிறைய நீறும் கழுத்து நிறைய உருத்திராக்கமும் கண்டவுடன், கணக்குக் கேளாமல் சீட்டுப் பணத்தை ஒப்படைப்பவர் பலர். மெய்ப்பொருள் நாயனார் வேடத்தை வணங்கவில்லையா என்று இவர்கள் கேட்கலாம். நாயனார் திருவேடத்தைச் சிவமாகக் கண்டு தம் உயிரையே கொடுத்தார். வட்டி எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. அடியார் வணக்கம் வேறு, கொடுக்கல் வாங்கல் வேறு. நீற்றை வணங்கிவிட்டு இரசீதும் கேட்கலாம்.

சாயக்காரர் செய்திக்கு வருவோம். தறிக்காரர் செய்யத்தக்கது பெரிதன்று. அதே கட்டிலிருந்து நூறு கிராம் பட்டை எடுத்து, சாயக்காரரையும் அருகில் வைத்துக்கொண்டு, தம் வீட்டு முற்றத்திலேயே சோப்பு நீரில் காய்ச்சிப் பசை நீக்கலாம். நன்கு அலசி உலர்த்திப் பொன் நிறுக்கும் தராசில் இட்டால், முள் எழுபத்திரண்டிலோ எழுபத்து மூன்றிலோ நிற்கக்கூடும். வேறு எண்ணிலும் நிற்கக்கூடும். எதுவாயினும் மறுநாள் மாலைக்குள் தெரிந்துவிடும். அதுவரை தெருவில் ஒரு சொல்லும் சொல்லாதிருத்தலே அவருக்கு அரிய வேலை.